இரண்டாவது குடுவை

மெஷின் அக்கா கூப்பிட்டபோது நான் கழுவிய குடுவைகளைச் சூட்டு அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். "கையில இருக்கிறதைப் பத்திரமா வச்சிட்டு இங்க வா" என்றாள். வழக்கமாக "ஏ பூனை" என்றுதான் கூப்பிடுவாள். நான் சத்தமில்லாமல் நடக்கிறேன், சத்தமில்லாமல் சாப்பிடுகிறேன் என்று அவள் வைத்த பெயர் அது. இன்று பெயர் இல்லாமல் கூப்பிட்டதும் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடியோடு வேலை செய்கிறவர்களுக்கு முதலில் அந்த நினைப்புதான் வரும்.

எங்கள் ஆய்வுக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். காற்றை அளக்கிற மெஷினுக்குச் சூடு ஆகாது என்பதால் வருடம் முழுவதும் குளிர் போட்டு வைத்திருப்பார்கள். அக்கா ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். மலை உச்சி, தீவு, பாலைவன ஓரம் என்று எங்கெங்கிருந்தோ கண்ணாடிக் குடுவைகளில் காற்று வரும். நான் குடுவைகளைச் சூடாக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் பம்பு வைத்து உறிஞ்சி, வெறுமையாக்கி மூடி அனுப்புவேன். அவை காற்றை அடைத்துக்கொண்டு திரும்பி வரும். கடல்முனையிலிருந்து வரும் பெட்டியை மட்டும் வேறு யாரும் திறக்க விடமாட்டேன். அதை அனுப்புகிறவர் என் அப்பா.

அக்கா திரையில் இரண்டு புள்ளிகளைக் காட்டினாள். ஒரே இடத்தில், ஒரே வேளையில் இரண்டு குடுவைகளை அடுத்தடுத்துத் திறந்து காற்றுப் பிடிப்பது வழக்கம். இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏதோ ஒன்று பொய். இங்கே ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மற்றது கீழே விழுந்து கிடந்தது.

"முனைக் காத்து. முதல் குடுவை சுத்தம். ரெண்டாவதுல கரியமில வாயு ஏறியிருக்கு, கனமான கரி இறங்கியிருக்கு."

கரியில் லேசானது, கனமானது என்று உண்டு என்பதை வேலைக்கு வந்த புதிதில் அக்காதான் சொல்லிக்கொடுத்தாள். பத்தாவதைப் பாதியில் விட்டவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். செடிக்கு லேசானதுதான் பிடிக்கும். அதனால் செடியிலும், செடியைத் தின்கிற எல்லாவற்றிலும், எப்போதோ மண்ணுக்குள் புதைந்து நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் ஆனவற்றிலும் லேசானது கூடுதலாக இருக்கும். அதை எரித்தாலும் சரி, தின்று மூச்சாக விட்டாலும் சரி, காற்றில் லேசானது கூடிவிடும். மெஷின் அதை எடை பிரித்துப் பார்த்துவிடும். "நாம வெளிய போயிருந்தப்ப வீட்டுக்கு யார் வந்துட்டுப் போனதுன்னு மோந்து பார்த்தே சொல்ற மாமியார் இருப்பாங்கல்ல, அந்த மாதிரி" என்பாள். அவளுக்கு அப்படி ஒரு மாமியார் இருந்தார்.

"ஏதாவது வண்டிப் புகையா இருக்குமாக்கா?"

"புகைன்னா கார்பன் மோனாக்சைடும் கூட ஏறணும். ஏறலை. சேறு சகதி, மாட்டுக்கொட்டாய்னா மீத்தேன் ஏறணும். அதுவும் ஏறலை."

"அப்ப என்னக்கா?"

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "மூச்சு. ஆள் மூச்சு."

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "போன பெட்டியும் இப்படித்தான். அதுக்கு முந்தினதும். வால்வு கசியுதுன்னு நினைச்சு வால்வெல்லாம் மாத்தினேன். எப்பவும் ரெண்டாவது குடுவைதான். முதல்ல பிடிச்சதுல மூச்சே இல்லை. வீட்ல அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்காருக்கா" என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

அப்பா காற்றுப் பிடிப்பதைச் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். காற்று கடலிலிருந்து வீசுகிற நாளாக இருக்க வேண்டும். பாறையின் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டியை வைத்துவிட்டு, குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் மூச்சு அதில் கலந்துவிடாதபடி ஆழமாக இழுத்து நிறுத்துவார். நிறுத்திய மூச்சோடு காற்றுக்கு எதிராக நுனிவரை நடப்பார். இரண்டு கையாலும் குடுவையைத் தலைக்கு மேல் தூக்கி வால்வைத் திருப்புவார். காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும். சீற்றம் அடங்கியதும் மூடி, பெட்டிக்குத் திரும்பி வந்த பிறகுதான் மூச்சை விடுவார். பிறகு இரண்டாவது. நான் எப்போதும் அவருக்குப் பின்னால், காற்று போகிற பக்கம், புதர் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். பேசக் கூடாது. அங்கிருந்து பார்த்தால் அவர் வானத்துக்கு எதையோ ஊட்டுகிற மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு அந்த வேலையைக் கண்டாலே இளக்காரம். "ஊர்ல ஆம்பளைங்க மீன் பிடிக்கிறாங்க, இவர் காத்துப் பிடிக்கிறார்" என்பாள். அவளுக்கு உயரம் ஆகாது. மாடியில் துணி காயப்போடும்போதுகூடச் சுவர் ஓரமாகத்தான் நடப்பாள். முனைக்கு ஒருநாளும் வந்ததில்லை. குடுவைகளை நாங்கள் குண்டு என்றுதான் சொல்வோம், உருண்டையாக இருப்பதால். ஒருமுறை அப்பா பஸ்ஸில் "கண்டக்டர், பெட்டியில குண்டு இருக்கு, பார்த்து வைங்க" என்று சொல்ல, பஸ்ஸையே நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும், "இருந்தாலும் அந்த மாவு மில்லுக்கு இது மேல்" என்பாள். மாவு மில் என்று அவள் சொல்வது கல் உடைக்கிற ஆலையை. கல்யாணமான புதிதில் அப்பா அங்கே வேலை பார்த்தார். தலை முதல் கால்வரை வெள்ளையாக வீட்டுக்கு வருவாராம். இந்த வேலை கிடைத்த பிறகுதான் அவருடைய தலைமுடி என்ன நிறம் என்றே தெரிந்தது என்பாள். வேலையோடு முனைக்குக் கீழே ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான சார் அக்காவின் அறைக்கு வந்து திரையைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் நிற்பதைக் கவனித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வயசாகுதுல்ல. அடுத்த பெட்டியும் இப்படி வந்தா வேற ஆளைப் போட்டுடலாம். இத்தனை வருஷக் கணக்கு, நடுவுல ஓட்டை விழக் கூடாது" என்றார். பிறகு என்னிடம், "அப்பாவைக் கேட்டதாச் சொல்லும்மா" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"காத்து திரும்பியிருக்கும்" என்றார்.

"ரெண்டாவதுல மட்டும் எப்படிப்பா திரும்பும்?"

"அதுக்கு என்ன, அதுக்கும் ரெண்டு மனசு."

சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. போனில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. எத்தனையோ தடவை அவரோடு போனில் பேசியிருக்கிறேன். அந்தச் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை. ஈரத் துணியை யாரோ மெதுவாகக் கிழிக்கிற மாதிரி இருந்தது.

"அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துடலாம்ப்பா."

"போனா சீட்டு எழுதுவான். சீட்டு ஆபீசுக்கு வரும். அப்புறம் இந்த வீட்டுச் சாவியை யார்கிட்ட கொடுக்கிறதுன்னு ஆபீசே சொல்லும். நீ சும்மா இரு. அடுத்த பெட்டியைப் பாரு."

அம்மா போனை வாங்கினாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். "சரி வச்சிடு" என்றாள். அம்மா அவ்வளவு சீக்கிரம் போனை வைக்கிறவள் இல்லை.

அடுத்த பெட்டி வந்தபோது அக்கா மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள். நான் தனியாகத்தான் இருந்தேன். அப்பா எப்போதும் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற மாதிரி சுருக்கு முடிச்சுப் போடுவார். என் விரல் தன்னால் அந்த முனையைத் தேடிப் போனது. அப்படி ஒரு முனை இல்லை. முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சு என்று இறுக்கிக் கட்டியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற நாளில் என் சாப்பாட்டுப் பையை இப்படித்தான் கட்டி அனுப்புவாள் அம்மா. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் பாதி சாப்பிட்டு முடித்திருப்பார்கள். நான் இன்னும் முடிச்சைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவுக்குக் கயிறு கட்டுகிற அளவுக்கும் முடியவில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். குடுவைகளை வெளியே எடுத்தபோது ஒரு வால்வின் கைப்பிடியில் மஞ்சள் கம்பளி நூல் ஒன்று சிக்கியிருந்தது. அம்மாவின் ஸ்வெட்டர் மஞ்சள். அந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டு, அக்கா திரும்பி வரும்வரை அப்படியே நின்றிருந்தேன்.

அளந்து முடிய மறுநாள் ஆனது. இரண்டு புள்ளிகளும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. தனித்தனியாகத் தெரியவே இல்லை. அக்கா நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "ஏ பூனை, உங்கப்பா கலக்கிட்டார்" என்றாள். சார் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை" என்றார். அதோடு எல்லோரும் அப்பாவை மறந்துவிட்டார்கள்.

நான் மறக்கவில்லை. அப்பாவின் நெஞ்சுக்குள் நடப்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. இந்த மெஷின்தான் சொன்னது. இப்போது அதன் வாயையும் அடைத்தாகிவிட்டது. இனி ஒவ்வொரு பெட்டியும் சுத்தமாக வரும். வரவர யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சுத்தமான குடுவைகளைக் கழுவிக் கழுவி நான் அனுப்பிக்கொண்டிருப்பேன். அவர் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக…

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் வீடு போகும், சொல்லாவிட்டால் அப்பா போவார் என்று இருக்கிறபோது வாயைத் திறந்து எந்தச் சொல்லை முதலில் வெளியே விடுவது? லீவு மட்டும் கேட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரின் பெயரை விசாரித்து வைத்துக்கொண்டேன். இழுத்துக்கொண்டாவது போய்விடுவது என்று பஸ் ஏறினேன்.

வீடு பூட்டியிருந்தது. அடுப்பு மேடை ஜன்னல் வழியே பார்த்தேன். கழுவாத இரண்டு டம்ளர்கள். அம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு வெளியே போகிறவள் இல்லை. முகத்தில் உப்புக் காற்று அடித்தது. கடலிலிருந்துதான் வீசியது. நான் படிகளில் ஏறினேன்.

அப்பா புதர் ஓரத்தில், சின்ன வயதில் என்னை நிற்கவைத்த இடத்தில், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கழுத்தில் ஒரு குழி விழுந்து விழுந்து எழுந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை உயர்த்தினார். அங்கேயே நில் என்று அர்த்தம். நான் நிற்கவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் குந்தினேன்.

அம்மா பாறை நுனியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் ஸ்வெட்டர். காலைத் தேய்த்துத் தேய்த்து, தரையை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தாள். மூடிய குடுவையைக் குழந்தையை அணைப்பது போல் நெஞ்சோடு பிடித்திருந்தாள். பெட்டியை அடைந்ததும் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சை விட்டாள்.

"முதலாவது ஆச்சு" என்றார் அப்பா, மிக மெதுவாக. "நல்லாப் பிடிக்கிறா. என்னைவிட."

"எத்தனை நாளாப்பா?"

"சாயங்காலமானா கட்டில்ல உட்கார்ந்து பழகுவா. நான் விரல் விட்டு எண்ணுவேன்." நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். "பயந்தா காலைப் பாருன்னு சொன்னேன்."

"டாக்டர் ஒருத்தரை விசாரிச்சு வச்சிருக்கேன். இன்னைக்கே போகலாம்."

"அவ வரட்டும்."

"அவங்க வந்ததும் கிளம்பணும்ப்பா."

"முதல்ல அவ மூச்சு விடட்டும்" என்றார்.

அம்மா நிமிர்ந்தாள். இரண்டாவது குடுவையை எடுத்தாள். கண்ணை மூடி, நெஞ்சு விரிய மூச்சை இழுத்து நிறுத்தினாள். கண்ணைத் திறந்தபோது நான் அவளுக்கு நேராக இருந்தேன். என்னைக் கூப்பிடுவதற்காக அவள் உதடு அசைந்தது. ஆனால் உள்ளே இழுத்தாகிவிட்டது. கன்னம் இரண்டும் உப்பியிருக்க, கண்கள் மட்டும் என்னிடம் என்னவோ கேட்டன. ஏன் வந்தாய் என்றா, சாப்பிட்டாயா என்றா, தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அவள் திரும்பி, காலைப் பார்த்துக்கொண்டு நுனியை நோக்கி நடந்தாள்.

இரண்டு கையாலும் குடுவையைத் தலைக்கு மேல் தூக்கினாள். சீறல் காற்றில் கலந்து எங்கள் வரைக்கும் வந்தது. பக்கத்தில் சத்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பாவைப் பார்த்தேன். அவரும் வாயை இறுக மூடியிருந்தார். இங்கே அவர் மூச்சு விட்டால் ஒன்றும் ஆகாது. எங்கள் மூச்சைக் காற்று அவளிடமிருந்து விலக்கித்தான் கொண்டுபோகும். இருந்தும் அவளோடு சேர்ந்து பிடித்திருந்தார். முழங்காலின் மேல் ஒரு விரல் மடங்கியது. இன்னொன்று. மூன்றாவது விரல் மடங்குவதற்குள் உடல் உடைந்து முன்னால் சாய்ந்தது. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினார். நான் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஸ்வெட்டருக்குள் எலும்புகள் ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டன.

காற்று அந்த இருமலைப் புதருக்குள் அடித்துக்கொண்டு போயிற்று. அம்மாவுக்குக் கேட்டிருக்காது. அவள் நுனியில், கடலுக்கு முன்னால், தலைக்கு மேல் குடுவையோடு நின்றுகொண்டிருந்தாள். சீறல் அடங்கிவிட்டது. மூச்சையும் இன்னும் விடவில்லை, வால்வையும் மூடவில்லை. தலை மட்டும் காலைப் பார்த்துக் குனிந்திருந்தது.