இருப்பு அறை

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பு மதிப்பீட்டாளர். யார் வீடாவது எரிந்தாலோ வெள்ளத்தில் முழுகினாலோ, மறுநாள் காலை தேய்த்த சட்டையோடு போய் நின்று, வீட்டுக்காரர் அழுது முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, "போனது எல்லாம் சரி, போகாம இருக்க நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்பது அவர் வேலை. பதினெட்டு வருஷமாகக் கேட்கிறார். சரியான பதில் சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை என்பதில் அவருக்கு ஒரு தொழில் திருப்தி உண்டு.

ஒருநாள், இடுப்பளவு தண்ணீர் புகுந்து வடிந்த வீடு ஒன்றுக்குப் போனார். வீட்டுக்காரர் வாசலில் டிவி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். தண்ணீர் வந்த பதற்றத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடியவர், மேலே போய்ப் பார்த்தால் கையில் ரிமோட். டிவி கீழே மிதந்துகொண்டிருந்தது. இவருக்கு வழியெல்லாம் சிரிப்பு. வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொல்லிச் சிரித்தார்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் பார்வைக் கோளாறைப் பார்த்துப் பழகியவள். அவள் சிரிக்கவில்லை.

"சரி, நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நீங்க எதை எடுத்துட்டு ஓடுவீங்க?"

அவர் உடனே எழுந்து போய் மேஜை இழுப்பறையைத் திறந்தார். டார்ச் இருந்தது, எரியவில்லை. மெழுகுவர்த்தி இருந்தது, மகளின் பத்தாவது பிறந்தநாள் கேக்கில் குத்தியது, சுண்டு விரல் நீளம். மகளுக்கு இப்போது பதின்மூன்று. அன்று இராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டிருக்கவே வேண்டாம் என்று மனைவி பிற்பாடு பல தடவை தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரே மாதத்தில் வீடு தலைகீழானது. இணையத்தில் ஒரு பட்டியல் பிடித்தார். 'அவசர காலத்துக்கு ஐந்து பேர் கொண்ட குடும்பம்' என்று தலைப்பு. இவர்கள் நான்கு பேர்தான்: அவர், மனைவி, மகள், மனைவியின் அம்மா. பட்டியல் போட்டவனுக்குத் தெரியாதா என்று அதில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் வாங்கினார். இல்லாத கைக்குழந்தைக்குப் பதினோரு டின் பால்மாவு. இல்லாத நாய்க்கு இரண்டு மூட்டை தீனி. தண்ணீர்க் கேன் இருபத்து நாலு. பருப்பு, அரிசி, டின்னில் அடைத்த பீன்ஸ், பேட்டரி, கயிறு, போர்வை, கோடரி. இத்தனையும் வைக்க இடம்? மாமியாரின் அறை இருந்தது. கதவில் 'இருப்பு' என்று எழுதி ஒட்டினார். பூட்டும் போட்டார். மாமியார் கூடத்துச் சோபாவுக்கு வந்து சேர்ந்தார்.

"எனக்கு அவசரம்னா நான் எங்க போறது மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாம் உங்களுக்காகத்தான் அத்தை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. கழுத்தில் விசில். ஒரு ஊதல் என்றால் தீ, இரண்டு என்றால் நிலநடுக்கம், மூன்று என்றால் வெள்ளம். "அப்பா, தீயும் நிலநடுக்கமும் சேர்ந்து வந்தா ஒண்ணும் ரெண்டும் மூணு. நாங்க வெள்ளம்னு நெனச்சு மொட்டை மாடிக்கு ஓடிடுவோமே?" என்று மகள் கேட்டாள். பொடிப்பெண் கேட்டதை அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் நீண்ட ஊதல், குறுகிய ஊதல் என்று புதிதாக ஒரு முறை கொண்டுவந்தார். அது ஒருவருக்கும் விளங்கவில்லை, அவர் உட்பட.

ஒத்திகையில் எல்லாரும் படியிறங்கி வாசலைத் தொட மூன்று நிமிடம் கெடு. மூட்டு வலிக்கார மாமியாருக்கு நாலு நிமிடம் பத்து நொடி ஆனது. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க செத்துட்டீங்க அத்தை."

"அப்படியா? செத்தவளுக்கு ஒரு வாய் காபி கிடைக்குமா மாப்பிள்ளை?"

விதிகளிலேயே முக்கியமானது ஏழாவது விதி: அக்கம்பக்கத்தாருக்கு மூச்சு விடக்கூடாது. "கஷ்டம் வந்தா மொதல்ல வந்து கதவைத் தட்டுறது எதிர் வீட்டுக்காரங்கதான். அவங்களுக்கு எடுத்துக் கொடுத்தா நாம பட்டினி" என்று விளக்கினார். மூட்டைகளைப் படுக்கை விரிப்பால் போர்த்தித்தான் மாடியேற்றினார். எதிர் வீட்டு நர்ஸம்மா படியில் பார்த்துவிட்டு, "என்னண்ணா இது?" என்றபோது, "ஆபீஸ் ஃபைல்" என்றார். ஃபைலிலிருந்து இரண்டு பருப்பு உதிர்ந்தது. நர்ஸம்மா அதைக் குனிந்து பொறுக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்படியே, காலாவதியானதை மாற்றி மாற்றி வைத்தபடி, இரண்டு வருஷம் போயிற்று. ஆபத்துதான் வந்தபாடில்லை. வானிலைச் செய்தியில் புயல் திசை மாறிப் போய்விட்டது என்று சொன்னால், வாசல்வரை வந்த விருந்தாளி திரும்பிப் போனதுபோல முகம் வாடிவிடுவார்.

கடைசியில் ஒரு புதன்கிழமை மதியம் அவர் காத்திருந்தது வந்தது. சுழற்றிச் சுழற்றி அடித்த காற்றிலும் மழையிலும் மின்மாற்றி வெடித்து, பாதி ஊர் இருண்டது. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள். கடைகள் ஷட்டரை இறக்கின. அலுவலகத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் நடந்து வந்தார். மனைவி கதவைத் திறந்தபோது, அவர் முகத்தில் அப்படியொரு களை. பெண் பார்க்கப் போன அன்றுகூட அதை அவள் பார்த்ததில்லை.

"வந்துடுச்சு," என்றார்.

கதவைத் தாழிட்டார். திரைகளை இழுத்துவிட்டார். குசுகுசுவென்றுதான் பேச வேண்டும். சமையல் கூடாது, வாசனை வெளியே போகும். அன்று இரவுக்கும் மறுநாள் காலைக்கும் பிஸ்கட்டும் சூடு பண்ணாத டின் பீன்ஸும். மாமியார் ஒரு பீன்ஸை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டிலேயே வைத்தார்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே கீழே ஒரே சந்தடி. கார் நிறுத்தும் கொட்டகையில் கட்டடத்து ஆறு வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள், இவர்கள் நீங்கலாக. எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் எல்லாம் இளகிக்கொண்டிருந்தது. கெட்டுப்போவதற்குள் தின்று தீர்ப்பது என்று, செங்கல் அடுப்பு மூட்டி மீனும் கோழியும் காய்கறியும் ஒன்றாகப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை படியேறி, கதவிடுக்கில் நுழைந்து, பீன்ஸ் தட்டைச் சுற்றி வந்தது.

கதவு தட்டப்பட்டது. நாலு பேரும் சிலையானார்கள்.

"சார், நான் மேல் வீட்டு டிரம்ஸ் வாத்தியார். சாப்பாடு ரெடி. தட்டை மட்டும் எடுத்துட்டு வாங்க."

அவர் உதட்டில் விரல் வைத்தார். காலடி ஓசை இறங்கிப் போனதும், "இது ஒரு உத்தி," என்றார். "நம்மகிட்ட தட்டு இருக்கான்னு பாக்குறாங்க."

"தட்டு யார் வீட்டுலதாங்க இல்ல?" என்றாள் மனைவி.

மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார்.

"அத்தை! விதி ஏழு!"

"நான்தான் செத்துட்டேனே மாப்பிள்ளை. எனக்கெதுக்கு விதி?"

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போயே போய்விட்டார். "அம்மம்மா படியில தடுக்கிட்டா?" என்று மகளும் அக்கறையோடு பின்னால் ஓடினாள். அவள் கையிலும் தட்டு இருந்தது.

மதியம் மறுபடி கதவு. இந்த முறை நர்ஸம்மா.

"அண்ணா, வாட்ச்மேன் கைக்குழந்தைக்குப் பால்மாவு தீந்துடுச்சு. அம்மாக்காரி காய்ச்சல்ல கிடக்குறா. உங்ககிட்ட இருக்கும்ல, ஒரு டின் குடுங்க."

'இருக்கும்ல' என்ற சொல் அவர் நெஞ்சில் குண்டூசியாய் இறங்கியது. இவளுக்கு எப்படித் தெரியும்? மனைவி கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

"இன்னிக்கு ஒண்ணு குடுத்தா நாளைக்குப் பத்து கேப்பாங்க," என்று கிசுகிசுத்தார்.

"பதினொண்ணு இருக்கு. நம்ம வீட்டுல பால்மாவு குடிக்கிறது யாரு? நீங்களா?"

"அது இருப்பு. இருப்புன்னா இருக்கணும். எடுத்துட்டா அது எப்படி இருப்பு?"

அவள் அவரையே உற்றுப் பார்த்தாள். கடையில், மேல் வரிசை எழுத்தைக்கூடப் படிக்க முடியாதவர்களைப் பார்க்கும் பார்வை அது.

"இருபது வருஷமா ஊர்ல நொடிஞ்சு நிக்கிறவங்களை எல்லாம் கேள்வி கேட்டு அனுப்பினீங்க. சரி, அது உங்க உத்தியோகம். பச்சைக் குழந்தைகிட்டயும் அதே உத்தியோகமா? அந்தக் குழந்தை அழறது இங்க வரைக்கும் கேக்குது. இப்ப சாவியைக் குடுக்குறீங்களா, அந்தக் கோடரி எங்க இருக்குன்னு சொல்றீங்களா?"

கோடரியும் உள்ளேதான் இருந்தது. ஆனாலும் அவள் சொன்ன தொனியில் அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தேடியது. பதினோரு டின்னையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு அவள் படியிறங்கினாள். இரவு படுக்க மட்டும் மூவரும் வந்தார்கள், வயிறு முட்ட.  விடிந்ததும் மறுபடி கீழே போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் இருபத்து நாலு கேன் தண்ணீருக்கு நடுவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரது இவ்வளவு வாய்விட்டுச் சிரிக்கிறது என்று காதைத் தீட்டினார். அவர் மனைவி. கூட வாழ்ந்தவருக்கே குரலை அடையாளம் கண்டுபிடிக்க இரண்டு நொடி ஆனது. அது அவரை என்னவோ செய்தது. இதற்குமேல் உட்கார முடியவில்லை. ஆனால் சும்மா இறங்கிப் போக அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. நிலைமையை ஆய்வு செய்யப் போவதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கொட்டகையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. "வாங்கண்ணா, உங்களுக்காகத்தான் காத்துட்டிருந்தோம்," என்று நர்ஸம்மா நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். "தண்ணி நேத்தே தீந்துடுச்சு. நீங்களா வந்து தர்றதுதான் மரியாதைன்னு அக்காவையும் கேக்கலை."

"என்கிட்ட தண்ணி இருக்குன்னு யார் சொன்னது?"

கொட்டகையே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"இருபத்து நாலு கேன்," என்றார் டிரம்ஸ் வாத்தியார். "லிஃப்ட் இல்லாத கட்டடம் சார். நீங்க ஒவ்வொண்ணா தூக்கிட்டு ஏறும்போது நாங்க எல்லாரும் கதவுக்குப் பின்னாடி நின்னு எண்ணிட்டிருந்தோம்."

"அதனாலதான் நாங்க யாரும் ஒண்ணும் வாங்கி வைக்கலை," என்றாள் நர்ஸம்மா, அதைவிடச் சாதாரணமான விஷயம் உலகத்தில் இல்லை என்பதுபோல. "எதுக்கு ஆளாளுக்கு இடத்தை அடைக்கணும்? அதான் நீங்க இருக்கீங்களே."

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு, எங்கிருந்தோ ஒரு பெருமையும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டடமே தன்னை நம்பித் துளி முன்யோசனையில்லாமல் இருந்திருக்கிறது! தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தர்றேன். ஆனா முறைப்படிதான்."

வாசல்படியில் மேஜை போட்டு உட்கார்ந்தார். வரிசை நின்றது. முதல் ஆள் வாத்தியார்.

"எத்தனை மணியிலேர்ந்து தாகம்?"

"காலையிலேர்ந்து சார்."

"தாகம் ஏற்படுறதுக்கு முன்னாடி என்ன செஞ்சுட்டிருந்தீங்க?"

"டிரம்ஸ் வாசிச்சேன்."

"தெரிஞ்சே தாகத்தை வரவழைச்சிருக்கீங்க," என்று நோட்டில் எழுதத் தொடங்கினார். "இதை ஏத்துக்க முடியாது."

மனைவி பின்னாலிருந்து வந்து நோட்டை எடுத்தாள். மூடினாள். அடுப்படியில் கொண்டுபோய், புகைகிற விறகின்மேல் வைத்தாள். நன்றாகப் பற்றிக்கொண்டது. வரிசை அவரைத் தாண்டிப் படியேறிப் போயிற்று. வாத்தியார் ஒரு தோளில் ஒரு கேன் என்று இரண்டிரண்டாக இறக்கினார். பருப்பும் அரிசியும் பின்னால் வந்தன. நாய்த் தீனியைத் தெரு நாய்கள் ஒரு மணி நேரத்தில் முடித்தன. பீன்ஸை மட்டும் நாய்கள்கூட மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கின.

தனியாக உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் வாட்ச்மேன் வந்து ஆவி பறக்கும் சோற்றுத் தட்டை வைத்தார். இரண்டு நாளுக்குப் பின் சூடாக ஒன்று உள்ளே போனது. அவர் தலை நிமிராமல் தின்றார். மறுசோறும் கேட்டு வாங்கினார்.

சனிக்கிழமை மதியம் மின்சாரம் வந்தது. அதற்குள் மாமியார் காலியான அறையைப் பெருக்கித் துடைத்து, தன் கட்டிலைப் போட்டு, கதவில் ஒட்டிய தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார். மருமகனிடம் அனுமதி கேட்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு வாரச் சாமானுக்கு மேல வந்துச்சுன்னா நான் வெளிய போயிடுவேன்," என்று மனைவி சொல்லிவிட்டாள். அவர் தலையாட்டினார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் ஒன்றும் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கீழே கார் கொட்டகையில் அளவு நாடாவோடு குனிந்து குனிந்து எதையோ அளந்துகொண்டிருந்தார். நாடாவின் மறுமுனையை வாத்தியார் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆறு வீட்டுக்கு நூத்து நாப்பது கேன் வாத்தியாரே, கம்மி பண்ணக்கூடாது," என்று அவர் சொல்வது மேலே கேட்டது.

நர்ஸம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, மறுபடியுமா?"

"அளக்கட்டும் விடு," என்றாள் மனைவி. "தூக்குறதுக்கு இந்தத் தடவை ரெண்டு பேர் இருக்காங்க."