நைனாவின் நிறம்

டெய்சி மானிட்டரின் மண்டையில் ஓங்கி ஒரு அறை விட்டாள். திரை ஒருமுறை நடுங்கிவிட்டு மறுபடி அதே அழுமூஞ்சி வெளிச்சத்தோடு நின்றது. "சனியனே, இன்னிக்குத்தானா ஒனக்குக் கேடு வரணும்?" என்று திட்டினாள். கேடு இன்றைக்கு வந்ததல்ல என்று அவளுக்கே தெரியும். இரண்டு வருஷமாக அந்தத் திரை மங்கித்தான் கிடக்கிறது. கேட்கும்போதெல்லாம் கடை முதலாளி தாண்டவராயன், "தீபாவளி போவட்டும்மா, புதுசே எடுத்துர்லாம்" என்பார். தீபாவளி வரும், போகும். அவர் வீட்டுக்குப் புது டிவி வரும். இவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

கடை செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்தது. பெயர் பூவாயி டிஜிட்டல். பூவாயி தாண்டவராயனுடைய அம்மா. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரன் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று சுற்று வட்டாரத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் பேனர் இங்கேதான். ராஜகிரிக் கோட்டையைப் பின்னால் போட்டு, முன்னால் முகங்களை வரிசையாக ஒட்டி டிசைன் பண்ணுவது டெய்சியின் வேலை. அதைப் பேனர் கேட்டு வந்த பார்ட்டிக்குக் காட்டி சரி வாங்குவது தாண்டவராயன், அவருடைய போனிலிருந்து. பிரிண்ட் போடுகிற மெஷின் திண்டிவனத்தில். பேனர் சுருட்டின கோலத்தில் பஸ்ஸில் வந்து இறங்கும், பார்ட்டி வந்து சுருட்டின கோலத்திலேயே தூக்கிக்கொண்டு போகும். போகிற வழியில் எங்காவது கட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் டெய்சிக்கு ஆத்திரமாக வரும். தான் பார்த்துப் பார்த்துப் போட்ட முகங்கள் சோகை பிடித்ததுபோல வெளிறிக் கிடக்கும். மெஷினைக் கழுவுவதில்லை, கழிசடைகள் என்று திண்டிவனத்துக்காரனை மனதுக்குள் கிழித்துவிட்டு பஸ் ஏறிவிடுவாள்.

இன்றைக்குத் திரையில் இருந்தது அவளைப் பெற்ற நைனா. யாகப்பன் செத்து நாளையோடு ஒரு வருஷம். அன்றைக்குச் சாயந்தரம் மாதா கோயிலில் பூசைக்குச் சொல்லியிருக்கிறது. தெருமுனையில் ஒரு பேனர் கட்ட வேண்டும், அதில் நைனா நைனாவாகவே இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். காலையிலிருந்து அதற்காக உட்கார்ந்து, முகத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கி, ஒருவழியாக மனசுக்குப் பிடித்தமாதிரி வந்ததும் தன் போனிலிருந்து தம்பி பெலிக்ஸுக்கு அனுப்பினாள். அவன் ஒரகடத்தில் கம்பெனி வேலை. படம் போய்ச் சேர்ந்ததுதான் தாமதம், போன் வந்துவிட்டது.

"இன்னாக்கா இது? நைனாவுக்கு சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்க?"

"வாய மூடு. நல்லா பாரு."

"நீ பாரு. வெள்ளக்கார சாமியார் மாரி இருக்குது."

போனில் திறந்து பார்த்தாள். மீசையும் இருந்தது, நெற்றித் தழும்பும் இருந்தது, நைனாதான் இல்லை. மார்க்கெட் கமிட்டியில் நெல்லும் மல்லாட்டையுமாக முப்பது வருஷம் மூட்டை தூக்கிய ஆள். வெயில் தின்று தின்று மினுமினுத்த கறுப்பு. பேங்க் புத்தகத்துக்குப் போட்டோ எடுக்கப் போன இடத்தில், ஸ்டுடியோக்காரன் முகத்துக்குப் பவுடர் போட வந்தபோது, "நான் இன்னா கூத்தா கட்டப் போறேன்?" என்று தலைத்துண்டால் அழுந்தத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன். அந்தப் போட்டோவைத்தான் இவள் இப்படி ஆக்கி வைத்திருக்கிறாள்.

முதலில் கேபிளைப் பிடுங்கினாள். முனையிலிருந்த ஊசியெல்லாம் நேராகத்தான் இருந்தது. ஊதி, துடைத்து, திருகை இறுக்கிச் சொருகினாள். அதே மங்கல். ஜெராக்ஸ் பக்கத்துக் கம்ப்யூட்டரின் கேபிளைக் கழற்றி மாட்டினாள். அதே மங்கல். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள், செட்டிங்ஸில் போய்க் கலர் சம்பந்தப்பட்டதையெல்லாம் பழையபடி மாற்றினாள், ஒரு மயிரும் நடக்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு ஆள், "ஆதார் ரெண்டு காப்பி" என்று ரொம்ப நேரமாக நீட்டிக்கொண்டிருந்தான். "மிஷின் ரிப்பேர், அந்தக் கடைக்குப் போங்க" என்று விரட்டினாள். ஜெராக்ஸ் மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் ஜெராக்ஸ் பக்கத்து மானிட்டரையே தூக்கி வந்து தன் சிபியுவில் மாட்டினாள். திரை எழுந்ததும் சுண்ணாம்பு அடித்த நைனா பளீரென்று முன்னால் வந்து நின்றார். பெலிக்ஸ் பார்த்த அதே முகம். அப்படியானால் கேபிளும் சரி, சிபியுவும் சரி. திண்டிவனத்துக்காரனும் சரி. பாவம், அவனை இரண்டு வருஷம் சும்மாவே திட்டியிருக்கிறாள். மங்கின திரையைப் பார்த்து, முகம் இருட்டாக இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போனது இவள் கைதான்.

பழைய மானிட்டரை மறுபடி மாட்டி, கீழே இருந்த பட்டனை அமுக்கினாள். மூலையில் ஒரு பூட்டுப் படம் வந்துவிட்டு மறைந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டிருக்கிறாள். "அது பட்டன் செத்துப்போச்சு, வுடு" என்று தாண்டவராயன் சொல்லியிருந்தார். செத்த பட்டன் எப்படிப் பூட்டுப் படம் காட்டும்? இந்தப் புத்தி அன்றைக்கே வந்திருக்கக் கூடாதா என்று தன்னையே நொந்துகொண்டு போனில் தேடினாள். பூட்டினால் அப்படித்தான் படம் வருமாம். பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் திறந்துகொள்ளுமாம். பிடித்தாள். விரல் நுனி வெளுக்கிறவரை பிடித்தாள். பூட்டு திறந்தது. வெளிச்சம் பன்னிரண்டில் கிடந்தது, நூற்றுக்குப் பன்னிரண்டு.

பட்டன் தானாகப் பூட்டிக்கொள்ளாது.

தாண்டவராயன் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். டெய்சி எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, இத யாரு கம்மி பண்ணி லாக் போட்டது?"

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான்தான். இப்ப இன்னா?"

"இன்னாவா?"

"நீ வந்த மொத வாரம் ஞாபகம் இருக்குதா? அந்த சிங்கவரத்துப் பொண்ணு கல்யாண பேனரு. கொஞ்சம் வெளுப்பாக்கும்மான்னு சொன்னேன். அவங்க கலரு இதுதான், நான் மாத்தமாட்டேன்னு மூஞ்சியில அடிச்ச மாரி சொன்ன. பார்ட்டி கோச்சிக்கினு போயிட்டான். வேல தெரிஞ்சவ நீ, நல்ல கை உனக்கு. அனுப்பவும் மனசு வரல. உன்கிட்ட மல்லுக்கட்டவும் என்னால ஆவாது." பல்குச்சியை எறிந்தார். "வெளிச்சத்தக் கொறச்சேன். நீயா ஏத்திக்கின. நான் ஒரு மூஞ்சியத் தொட்டனா? எல்லாம் உன் கைதான். தாண்டவராயன் கடையில போட்டா மூஞ்சி பளிச்சுனு இருக்கும்னு பனமலையில இருந்து ஆள் வருது."

டெய்சிக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. அடித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. மாட்டேன் என்று சொன்ன வாயை விட்டுவிட்டு, கையை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்து வேலை வாங்கியிருக்கிறான் மனுஷன். இரண்டு வருஷத்தில் எத்தனை கல்யாணப் பெண்கள், எத்தனை செத்தவர்கள்! அத்தனை பேருக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டு, நியாயஸ்தி மாதிரி நிமிர்ந்து பஸ் ஏறிப் போயிருக்கிறாள்.

"எங்க நைனாவக் கூட அடையாளம் தெரியாம பண்ணிட்டீங்களேண்ணே."

"ஏன், நல்லாத்தான இருக்காரு? ராஜா மாரி."

"அவரு ராஜா இல்ல!" என்று கத்தினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மூட்ட தூக்குனவரு. அவரு கலருலதான் அவரு இருப்பாரு."

திரையின் வெளிச்சத்தை மேலே ஏற்றினாள். கண் கூசியது. போட்டோவை முதலிலிருந்து எடுத்தாள். ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் இருந்த கீறலை மட்டும் அழித்துவிட்டு விட்டாள். கறுகறுவென்று, கொஞ்சம் கோபமாக, பவுடரைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே அவளைப் பார்த்தார். இந்த ஆள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தாண்டவராயன் எட்டிப் பார்த்தார். "இதப் போட்டா பிரிண்ட் போச்சுன்னுவாங்க. கீழ நம்ம கடை பேரு போடாத, சொல்லிட்டேன்."

பேனர் மூலையில் இருந்த பூவாயி டிஜிட்டலை ஒரே அமுக்கில் அழித்துவிட்டு திண்டிவனத்துக்கு அனுப்பினாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. போவதா வேண்டாமா என்று யோசிக்கவும் பிடிக்கவில்லை. செஞ்சிக்கு வந்து பேனரை மட்டும் பஸ்ஸிலிருந்து வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, பூசைக்கு வந்திருந்த பெலிக்ஸோடு சேர்ந்து தெருமுனையில் இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டினாள். பக்கத்துக் கம்பத்தில் லூர்துசாமியின் கண்ணீர் அஞ்சலி இன்னும் இருந்தது. போன மாசம் இவள் போட்டதுதான். அவரும் நைனாவோடு மூட்டை தூக்கியவர்தான். பேனரில் பால்கோவா மாதிரி இருந்தார்.

சைக்கிளில் வந்த ஊர்க்காரர் துரைக்கண்ணு காலை ஊன்றி நின்றார். "இன்னாம்மா, இங்க் ஜாஸ்தியாயிடுச்சா? இருட்டடிச்சாப்ல இருக்குது."

"இங்க்கு சரியாத்தான் இருக்குது. உங்க கண்ணப் பாத்துக்கோங்க."

அவர் பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டார். எவன் எதைச் சொன்னால் என்ன, அம்மா வந்து பார்க்கட்டும் என்று டெய்சி காத்திருந்தாள். பூசைக்குப் புறப்பட்டு, வெள்ளைப் புடவையில் அமலோற்பவம் மெதுவாக நடந்து வந்தாள். பேனருக்கு முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு லூர்துசாமியைப் பார்த்தாள்.

"அவர எப்பிடி பளபளன்னு போட்டிருக்க. ஊருக்கெல்லாம் அப்பிடிப் போடுவ. ஒங்க நைனாவுக்கு மட்டும் கை வரலையா?"

டெய்சிக்குக் கத்தலாகத்தான் வந்தது. "அவரு கலரு அதாம்மா! நீயுமா?"

"எனக்குத் தெரியாதாடி? அந்த மனுஷன் கூட வாழ்ந்தவ நான். எனக்குத் தெரியாதா?" அம்மாவின் குரலிலும் கோபம்தான் இருந்தது. "கறுவாயன் கறுவாயன்னு கூப்ட்டுக் கூப்ட்டே அவர வேல வாங்குனானுங்க. செத்த பெறகாவது கொஞ்சம் நல்லா இருக்கக் கூடாதா?"

பெலிக்ஸ் மீதிக் கயிற்றைச் சுருட்டியபடி தலையைக் குனிந்துகொண்டான். கோயிலில் முதல் மணி அடித்தது. யாரும் நகரவில்லை. ஒரு லாரி போனதில் ரோட்டுப் புழுதி கிளம்பி வந்து நைனாவின் பேனர் மேல் படிந்தது.

அமலோற்பவம் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, எட்டி, அவர் கன்னத்தைத் துடைத்தாள். அழுந்தத் துடைத்தாள். புழுதி போன இடத்தில் கன்னம் இன்னும் கறுப்பாக மினுமினுத்தது. இரண்டாவது மணியும் அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை.