பார்க்காத இரண்டாம் பாதி

நடன விமர்சகருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பழக்கம் என்ன, அந்தத் தொழிலில் பாதிப் பேர் கூச்சமில்லாமல் செய்கிற காரியம்தான். பக்கம் சீக்கிரம் அச்சுக்குப் போய்விடும் என்பதால் இடைவேளையோடு கிளம்பிவிடுவார். இரண்டாம் பாதியை, முந்தின நாள் ஒத்திகையில் பார்த்ததை வைத்து ஒப்பேற்றிவிடுவார். ஒத்திகையில் ஆடியதைத்தானே மேடையிலும் ஆடப்போகிறார்கள், புதிதாக என்ன முளைத்துவிடும் என்பது அவர் நியாயம்.

அன்று ஆடியவள் முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு வருஷம் வீட்டில் கிடந்தவள். ஒழுங்காக ஆடினால் குழுவில் அவள் இடம் அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆள். குழுத் தலைவர் எல்லோர் எதிரிலும் இப்படிச் சொல்லிவிட்டு, அன்றைக்குப் பார்த்து வெளியூரில் மாட்டிக்கொண்டார்.

ஒத்திகையின் கடைசி நடனத்தில் தரையிலிருந்து எழும்போது அவள் கால் நடுங்கியது, கையை ஊன்றினாள். விமர்சகர் அதைப் பார்த்திருந்தார். இடைவேளையில் மனைவியை அரங்கிலேயே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடி, ‘கை ஊன்றி எழுந்த அந்தக் கணத்தில் ஒரு நல்ல கலைஞரின் காலம் முடிந்தது’ என்று எழுதினார். அந்த வரி அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

காலையில் மனைவி பேப்பரோடு எதிரில் வந்து நின்றாள்.

“யாரைப் பத்தி எழுதியிருக்கீங்க?”

“நேத்து ஆடினவளைப் பத்தித்தான்.”

“அவ கையே ஊனலையே. அவ எழுந்து வந்ததைப் பாத்து பக்கத்து சீட்காரர் அழுதுட்டார். நானும்தான்.”

அவர் பேப்பரை வாங்கி, தனக்குப் பிடித்த அந்த வரியை மறுபடி படித்தார்.

அதற்குள் தலைவர் பேப்பரைப் படித்துவிட்டு வேறொரு பெண்ணுக்குச் சொல்லியனுப்பியாயிற்று. நேரில் பார்த்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். “நீங்க பரிதாபப்பட்டுச் சொல்றீங்க. பேப்பர்க்காரர் எதுக்குப் பொய் எழுதணும்?” என்று தலைவர் அவர்கள் வாயை அடைத்துவிட்டார். வீடியோவும் இல்லை, செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிற அரங்கம் அது.

விமர்சகர் பத்திரிகை ஆசிரியரிடம் போய் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார்.

“வெறும் வருத்தம்னு போட்டா எடுபடாதுண்ணே. அவங்க எப்படி ஆடினாங்கன்னு எழுதுங்க. படிச்சா அந்தத் தலைவர் கண்ணு முன்னாடி அந்த ஆட்டம் நிக்கணும்.”

மனைவியைக் கேட்டார். நன்றாக இருந்தது, அழுகை வந்தது, அதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் நடனக்காரி வீட்டுக்கே போனார். அவள் அக்கா கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை. நடனக்காரி கட்டிலில் காலை நீட்டி ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். முட்டி வீங்கிப்போயிருந்தது. அவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். பிறகு, வெட்கத்தை விட்டு, பேனாவை எடுத்தார்.

“கடைசியில எழுந்தீங்களே, அது எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்கம்மா. நாளைக்கே போட்டுடறோம்.”

அவள் கோபப்படவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“இன்னொரு தடவை ஆடிக் காட்டலாம்னா, இந்த முட்டி இனிமே அப்படி எழாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்” என்றாள். “எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? ஆடுறவ தன்னைப் பாக்க முடியுமா? அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்.”