கண் கூசாத சுவர்

அந்த வீட்டு ஹாலில், படுக்கையறை வாசலிலிருந்து சமையலறை வரைக்கும், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு அழுக்குக் கோடு ஓடியது. டிரைவருடைய கை போட்ட கோடு. பல வருஷம் டவுன் பஸ் ஓட்டிய மனுஷர். பார்வையின் நடுவில் ஒரு மங்கல் விழுந்து, அது மெல்லப் பெரிதாகி, ஓரக்கண்ணுக்குத் தெரிவதுதான் மிச்சம் என்று ஆனபோது வேலையை விட்டார். “இருக்கறது இருக்கும், இனிமே குறையாது” என்று டாக்டர் சொன்னதை வீட்டில் நல்ல சேதியாகவே எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து வீட்டுக்குள் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். தொட்ட இடமெல்லாம் கறுத்தது.

அவர் மனைவி தையல்காரி. ஹாலில் ஜன்னலோரம் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பவள். ஒருநாள் அளவு கொடுக்க வந்த அம்மாள், “என்னம்மா, சுவரெல்லாம் இப்படி எண்ணெய் இறங்கிக் கிடக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனாள். கேட்டவள் மனசில் ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே படுத்திருந்தவர் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மறுநாளே மெஷின் ஸ்டூலில் முட்டியை இடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

தையல்காரி முட்டிக்கு எண்ணெய் தடவிவிட்டாள். சுவர்தானே வம்பு, அதை மாற்றிவிட்டால் போச்சு என்று கொழுந்தனைக் கூப்பிட்டுவிட்டாள்.

கொழுந்தன் பெயின்டர். பளபளா என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். தான் அடித்த சுவரில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். அண்ணன் வீட்டு வேலை என்றதும் கால் தரையில் நிற்கவில்லை.

“அண்ணி, கவலையை விடுங்க. கண்ணாடி மாதிரி அடிச்சுத் தர்றேன். அண்ணன் பத்து விரலையும் பதிச்சாலும் ஈரத்துணியால ஒரு இழுப்பு, அவ்வளவுதான்!”

சொன்னபடியே அடித்தான். இளமஞ்சள் நிறம், ஈரம் காயாதது போல மினுங்கியது. ஜன்னல், மெஷின், கூரை விளக்கு எல்லாம் சுவருக்குள் இன்னொரு தடவை தெரிந்தன. வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். “நல்லா இருக்கு” என்றார் டிரைவர். “இனிமே தாராளமா தொட்டு நடங்க” என்றாள் தையல்காரி. “ம்” என்றார்.

ஆனால் நடக்கவில்லை. காலையில் எழுந்து படுக்கையறை வாசல்வரை வருவார், திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். காபி உள்ளே, சாப்பாடு உள்ளே, ரேடியோவும் உள்ளே போயிற்று. முன்பெல்லாம் அவள் தைக்கும்போது எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். இப்போது மெஷின் சத்தம் மட்டும்தான். கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்தாள். எதற்குக் கோபம் என்று புரியாததால் அவளுக்கும் கோபம் வந்தது. காபித் தம்ளரைக் கொஞ்சம் ஓசையோடு வைக்க ஆரம்பித்தாள்.

ஒரு காலை நேரம், ஊசியில் நூல் கோக்கத் தலை நிமிர்ந்தவள் அவரைப் பார்த்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, நெற்றிக்குமேல் கையை வைத்து நின்றார். வலது காலை எடுத்து வைத்தார், வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அடி விழப்போகும் ஆள் ஒதுங்குகிற மாதிரி இருந்தது.

அவள் எழுந்து ஓடினாள். “என்னங்க? தலை சுத்துதா?”

“அதெல்லாம் இல்ல.”

“அப்போ என்னதான்? எத்தனை நாளைக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பீங்க? நான் என்ன பண்ணினேன்னு சொல்லிட்டாவது இருங்களேன்!”

அவர் நிலையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு, பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போலத் தணிந்த குரலில் சொன்னார்.

“எதிர்ல வர்றவன் ஹைபீம் போட்டுக்கிட்டே வர்றான்மா. இறக்கவே மாட்டேங்கிறான். ஓரங்கட்டி நிக்கறதைத் தவிர எனக்கு வழி தெரியல.”

அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் வெயில் எதிர்ச்சுவரில் விழுந்து, விழுந்த வேகத்திலேயே தெறித்து வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவளுக்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. ஓரக்கண்ணால் ஒப்பேற்றுகிற மனுஷருக்கு ஹால் முழுக்க வெள்ளை நெருப்பாகத்தான் இருந்திருக்கும்.

“இதை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?”

“ஆசை ஆசையா பண்ணினே. தம்பியும் வேர்க்க விறுவிறுக்க அடிச்சான். முன்னாடி கையால அழுக்காக்கினேன், இப்போ கண்ணு கூசுதுன்னு சொல்லணுமான்னு இருந்துச்சு.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தைத்துக்கொண்டிருந்த போர்வையை எடுத்து வந்து ஜன்னலில் மாட்டினாள். ஹால் சட்டென்று அடங்கியது. டிரைவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

“இப்போ லைட்டை இறக்கிட்டான்” என்றார்.

பளபளாவுக்கு இதைச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. “மினுங்காத மேட் பெயின்ட் அடிக்கச் சொல்றீங்களா, அண்ணி? என்னைப் போயா? சுண்ணாம்புச் சுவரு மாதிரி செத்துக் கிடக்கும்!” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். அண்ணன் வாசலில் நின்ற கதையைக் கேட்டபின் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். தலையைச் சொறிந்துகொண்டு, “ஆனா மேட்டுல கை பட்டா திரும்பக் கறுக்கும் அண்ணி. தேய்ச்சுத் துடைச்சா அந்த இடம் மட்டும் திட்டுத்திட்டா மினுங்கும். அதையும் யோசிங்க” என்றான். அதுவும் நியாயம்தான்.

“ஒரே நீலத்தைப் பருத்தியில எடுத்தா ஒரு மாதிரி, சாட்டின்ல எடுத்தா ஒரு மாதிரி இருக்கும்” என்றாள் தையல்காரி. “துண்டு வெச்சுப் பார்க்காம எந்தத் துணியும் வெட்ட மாட்டேன். சுவருக்கு மட்டும் பார்க்காம விட்டுட்டேன். நீ துண்டு கொண்டா தம்பி.”

பளபளா அட்டைப் பலகைகளில் ஒரே நிறத்தை விதவிதமான மினுக்கில் அடித்துக் காயவைத்துக் கொண்டுவந்தான். காலை வெயிலிலும் பிற்பகலிலும் விளக்கைப் போட்டும் ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்தார்கள். டிரைவர் நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, “இவன் ஆகாது… இவன் பரவாயில்ல… இவன் தங்கமான ஆளு” என்று தீர்ப்புச் சொன்னார். இந்த வீட்டில் அவரிடம் யாரும் எதையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

பிறகு பலகைகளைக் கையில் வாங்கி உள்ளங்கையால் தடவினார். “இது வழுக்குது. இது கையைப் பிடிக்குது. தம்பி, கை போற இடத்துல மட்டும் இந்த நடுத்தர மினுக்கு, கொஞ்சம் அடர்த்தியான கலர்ல, பட்டையா அடிச்சா? மேலேயும் கீழேயும் மேட்.”

“துணிக்குப் பார்டர் வைக்கிற மாதிரி” என்றாள் அவள்.

“ஆமா. ஒவ்வொரு வாசலுக்கு முன்னாடியும் ஒரு முழம் பட்டையை விட்டுட்டு மேட்டா அடி. கை வழுக்கிக்கிட்டே வந்து அங்க பிடிக்கும். ஸ்டாப் வந்துடுச்சுன்னு தெரிஞ்சுடும்.”

பளபளா அண்ணியைப் பார்த்தான். “இது நல்லா இருக்கே!” என்றான், தன் தொழிலுக்குத் துரோகம் செய்கிறவனின் முகத்தோடு.

பளபளப்பின் மேல் புதுப் பெயின்ட் ஒட்டாது, முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாக வேண்டும். பட்டை வரும் இடத்தைத் தானே தேய்ப்பேன் என்று டிரைவர் பிடிவாதம் பிடித்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தூசியில் புருவம் நரைத்து, கையால் தடவித் தடவி மழமழப்பு மிச்சமிருந்த இடங்களைக் கண்டுபிடித்தார். “இங்க விட்டுட்டே. இங்கயும்” என்று தம்பியையும் விரட்டினார். “ஓய்வு பெற்ற ஆளை வேலைக்கு வெச்சா இப்படித்தான் அண்ணி, சூப்பர்வைசர் ஆயிடுவாங்க” என்று அவன் அலுத்துக்கொண்டான். ஆனால் அண்ணன் சொன்ன இடத்தையெல்லாம் மறுபடி தேய்த்தான்.

பெயின்ட் காய்ந்த மறுநாள் காலை ஜன்னலில் போர்வை இல்லை. வெயில் வந்து சுவரில் விழுந்து அங்கேயே மெத்தென்று தங்கிக்கொண்டது. தையல்காரி மெஷினில் உட்கார்ந்து பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் வாசலில் வந்து நின்றார். பட்டையில் கையை வைத்தார். நடந்தார். தயங்கித் தயங்கி அல்ல, பழைய நடையில். கை பிடித்த இடத்தில் நின்று, “சமையலறை! இறங்கறவங்க இறங்குங்க!” என்று குரல் கொடுத்தார். அவள் நூலைக் கடிப்பதற்காகக் குனிவது போலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் போட்ட காபி வந்தது. சர்க்கரை இரண்டு ஆளுக்கானது. கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

பட்டையில் கைத்தடம் விழத்தான் செய்தது. வாரத்துக்கு ஒருமுறை அவரே ஈரத்துணி எடுத்துத் துடைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் வண்டி கழுவுவது.

பளபளா இந்தச் சுவரைப் பற்றித் தான் வேலை செய்யும் வீடுகளிலெல்லாம் பேசியிருக்கிறான். பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர், தன் அம்மாவுக்கும் கண் இப்படித்தான், நடைவழிக்கு எந்த மினுக்கு சரிவரும் என்று வந்து சொல்ல முடியுமா என்று கேட்டனுப்பினார். “மேல ஏறி அடிக்கறது நான். பலகையைப் பார்த்துச் சொல்றதும் தேய்ச்சதைத் தடவிப் பார்க்கறதும் நீதான் அண்ணே” என்று தம்பி வந்து நின்றான்.

டிரைவர் பட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். வேலையை விட்டதிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் படி இறங்கியதில்லை. தையல்காரி மெஷினை நிறுத்தினாள். அவர் உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தது. அவள் எழுந்து சரிசெய்தாள்.

தம்பியின் தோளில் கை வைத்துப் படி இறங்கியவர், கடைசிப் படியில் நின்று திரும்பினார்.

“மதியம் சாப்பாட்டுக்கு வந்துடுவேன்” என்றார்.