முக்குளிப்பானும் பாக்கியலட்சுமியின் தூக்கமும்

வாங்க கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள். பாயில் இடம் இருக்கிறது. கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு பறவை ஜோடியின் கதையும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியின் தூக்கத்தின் கதையும் சொல்கிறேன்.

மலாயாவில், மலாக்கா ஊரின் காஜா பேராங்கில், சிட்டிக் கம்பம் என்கிற கிராமத்துக்குப் பின்னால் அப்போது ஒரு குட்டை இருந்தது. அதை ஒட்டிய பலகை வீட்டில் பாக்கியலட்சுமி இருந்தாள். தலைச்சன் பிள்ளை பிறந்து மூன்று மாதம். பகலெல்லாம் பால், ராவெல்லாம் அழுகை. தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள், மாமியார் இந்தியாவில். புருஷன் கலியாணசுந்தரம் ஐஸ் கம்பெனியிலிருந்து வந்தால் சாப்பிட்டுச் சாய்ந்துவிடுவான். கெட்டவன் இல்லை. பிள்ளை தூக்குவதும் ஆம்பளை வேலைதான் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

துணி அலசப் போன இடத்தில்தான் அந்த முக்குளிப்பான் பறவை ஜோடியைக் கண்டாள். சத்தமில்லாமல் முங்கும், நினையாத இடத்தில் எழும்பும். கால்கள் உடம்புக்கு ரொம்பப் பின்னால் இருப்பதால் தரையில் அவற்றுக்குச் சரியாக நடக்க வராது. அதனால் வீட்டையே தண்ணீரில் கட்டின. பாசியும் அழுகின தண்டுமாக இழுத்து வந்து, கோரையோடு பிணைத்து ஒரு குவியல். தண்ணீர் ஏறினால் கூடும் ஏறும்.

"குப்பையப் பாத்துக்கிட்டு நிக்கிறியா? சோறு ஆறுது," என்றான் கலியாணசுந்தரம்.

"குப்பை இல்லீங்க. உள்ள முட்டை இருக்கு."

"தூக்கமில்லாம உனக்குக் கண்ணு பிசகிப் போச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஒன்று அடைகாக்கும், மற்றது மேயும். மேய்ந்தது அலகில் பாசித் துணுக்கோடு வந்ததும், உட்கார்ந்திருந்தது இறங்கிவிடும், வந்தது ஏறிக்கொள்ளும். ஆள் மாற மற்றது வரவில்லையென்றால், ஈரப்பாசியை முட்டைமேல் இழுத்து மூடிவிட்டு இறங்கிப் போகும். வெள்ளையாய் இட்ட முட்டை அந்தக் கறையில் பழுப்பேறிக் குப்பையோடு குப்பையாகிக் கிடக்கும்.

"இதுல எது ஆணு, எது பொண்ணு?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு நாச்சியம்மை. சிட்டிக்காரி; பழைய தமிழ் வம்சம், ஆனால் பேசுவது மலாய். பாக்கியத்துக்கும் அது பழகியிருந்தது.

"தெரியலக்கா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, ஒரே வேலையத்தான் செய்யுது."

"உங்க வீட்டுல அந்தச் சிரமம் இல்ல. பாத்ததும் தெரிஞ்சிடும்!"

பாக்கியம் சிரிக்கப் பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

அன்று சாயங்காலம் புருஷனிடம் கேட்டாள். "ஒரே ஒரு பகல் பிள்ளையப் பாத்துக்குங்க. நான் தூங்கணும்."

"லீவு அன்னிக்குப் பாத்துக்கிறேன்," என்றான்.

லீவு வந்தது. காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். "பண்டார் ஹிலிர் திடல்ல சுதந்திரத் தேதி சொல்லப் போறாங்களாம். ஊரே போகுது. இன்னொரு நாள் பாத்துக்கலாம், பாக்கியம்."

சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. அவன் போனான். பின்வாசலில் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தால், குட்டையில் கூட்டிலிருந்த பறவை இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பாசியை இழுத்து மூடியது, இறங்கிவிட்டது.

பாக்கியம் எழுந்தாள். டின் பால் கரைத்த புட்டியையும் மாற்றுத் துணியையும் பையில் போட்டாள். பிள்ளையைச் சாரோங்கில் சுற்றிக்கொண்டு முச்சந்திக்கு நடந்தாள். அங்கே திடலுக்குப் போகிற லோரி நிறைய ஆட்கள். ஏறக் காலெடுத்திருந்தான் புருஷன்.

"நீயும் வர்றியா?"

"நான் வரல. இவன்தான் வர்றான்." பிள்ளையை அவன் கையில் வைத்தாள்.

லோரியே சிரித்தது. "சுந்தரம்! நாட்டுக்குத் தேதி சொல்ற அன்னிக்கே உனக்குச் சுதந்திரம் போச்சேடா!" என்று கத்தினான், அவனோடு வேலை செய்யும் நல்லையா.

"பாக்கியம், எல்லாரும் பாக்கிறாங்க..."

"பாக்கட்டும். பால் பையில இருக்கு. அழுதா தோள்ல போட்டுத் தட்டுங்க."

திரும்பினாள். பின்னால் பிள்ளை வீறிட்டது. மார் கனத்தது, கால் தயங்கியது. இப்போது திரும்பிப் போனால் இனி எந்தப் பகலும் தனக்கில்லை என்று தெரிந்தது. நடந்தாள். வீட்டுக்கு வந்து வெறும் பலகையில் விழுந்தாள். கனவுகூட வராத தூக்கம்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பதறி எழுந்து பின்வாசலுக்கு ஓடினாள். அங்கே கலியாணசுந்தரம் நின்றுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் பால் கறை; தோளில் பிள்ளை தூங்கியது.

"தேதி சொன்னாங்களா?"

"சொன்னாங்களாம். இவன் போட்ட சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல." குரல் கம்மியிருந்தது. "உக்காந்தா முழிச்சிக்கிறான், பாக்கியம். வந்ததுலேருந்து நிக்கிறேன்."

"அப்படித்தான் செய்வான்," என்று கை நீட்டினாள்.

கொடுத்துவிட்டுப் படியில் பொத்தென்று உட்கார்ந்தான். குட்டையிலிருந்த கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப நீ வச்சிரு," என்றான் கடைசியில். "விளக்கு வச்சதும் நான் வாங்கிக்கிறேன்."

கண்ணுகளா, உங்கள் வீட்டில் உலை பொங்கட்டும், தொட்டில் ஆடட்டும். ஆட்டுகிற கை சலிக்கும்போது, வாங்கிக்கொள்ள இன்னொரு கை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.