பூட்டு விழுந்த தாலாட்டு

ஜாபேஸுக்குத் தன் பாட்டுகள் மேல் அப்படியொரு கறார். குன்னூரில் சர்ச் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவன் அவன். போன கிறிஸ்துமஸுக்கு அவன் போட்ட கேரல் சிடியை பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரன் ஒருவன் காப்பியடித்து ஊரெல்லாம் விற்றுவிட்டான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டுமா? அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டை ஏற்றினாலும் ‘காப்பி பாதுகாப்பு’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுவான். பிறகு அந்தப் பாட்டு அந்த ஒரு கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் வாய் திறக்காது.

அந்த வருஷம் தேயிலை விலை படுத்தேவிட்டது. எஸ்டேட் ஃபேக்டரியை இழுத்து மூடியதும், அங்கே வேலை பார்த்த ஷைனா திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினாள். பால்குடி மறக்கடித்த கையோடு குழந்தையைப் புருஷன் தனசிங்கிடம் விட்டுப் போகவேண்டிய கொடுமை. அவள் பாடினால்தான் பாப்பா தூங்கும். அதனால் புறப்படுமுன் ஜாபேஸ் வீட்டு மைக் முன்னால் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து ஒரு தாலாட்டைப் பாடிக் கொடுத்தாள்.

“கிறிஸ்துமஸ் லீவுக்கு வர்ற வரைக்கும் என் கொரலு புள்ள காதுல உழுந்துட்டே இருக்கோணுங்ண்ணா. இல்லீன்னா என்னைய மறந்துருவா.”

“நான் பாத்துக்கறேன் அம்மிணி, நீ தைரியமா போ” என்றான் ஜாபேஸ். கீபோர்டு இசை சேர்த்தான், கம்ப்யூட்டரில் ஏற்றினான், பழக்க தோஷத்தில் டிக்கையும் போட்டான். இடத்தை அடைக்கிறதே என்று முதலில் பதிந்ததை அழித்துவிட்டான். பாட்டைத் தனசிங்கின் சின்ன எம்பி3 பிளேயரில் போட்டுக் கொடுத்தான்.

மறுநாளே தனசிங் வந்து நின்றான். “ஏனுங்ண்ணா, பேரு வருது, பாட்டு வர மாட்டேங்குதுங்க.”

ஜாபேஸுக்குச் சுருக்கென்றது. டிக்! ‘தப்பு என்னுதுதான்’ என்று சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? கம்ப்யூட்டர் புலி என்று பேர் வாங்கியவனுக்கு அது வரவில்லை. “உன் பிளேயர் சரியில்லப்பா” என்றுவிட்டான்.

தனசிங் நம்பினான், பாவம். அதையே சிடியில் போட்டு வாங்கி ஜீப்காரரின் பிளேயரில் ஓட்டிப் பார்த்தான். வெலிங்டனில் மச்சானின் செல்போனில் ஏற்றிப் பார்த்தான். எல்லாம் ஊமை. ஒவ்வொரு தடவையும் ஜாபேஸ் அந்தந்தக் கருவியின் மேலேயே பழியைப் போட்டான்.

இத்தனைக்கும் வழி கையிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு எதிரே ஒரு டேப்ரெக்கார்டரை வைத்தால் முடிந்தது வேலை. ‘இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே’ என்று தனசிங் கேட்டுவிட்டால்? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். அதற்குள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, ரிப்பேர்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். ஜாபேஸ் சிடியில் எடுத்து வைத்திருந்த பாட்டு மிஞ்சியது. அதைத் திறக்கக் கம்ப்யூட்டருக்குள் இருந்த உரிமம் போயே போய்விட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். போட்ட பூட்டு அவனையே உள்ளே விடவில்லை.

அப்புறம் அவனுக்கு நிம்மதி ஏது! சர்ச்சில் பாவ அறிக்கை ஜெபம் வந்தால் கீபோர்டு ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகள் பக்கம் பிள்ளை அழும் சத்தம் கேட்டால் வேறு பாதையில் இறங்கிப் போனான்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஷைனா வந்தாள். சொல்லியே தீர்வது என்று ஜாபேஸ் அவர்கள் வீட்டுக்குப் போனான். பாப்பா அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. ஜாபேஸ் வாயெடுப்பதற்குள் ஷைனா முந்திக்கொண்டாள்.

“ரொம்ப தேங்க்ஸுங்ண்ணா. பாட்டைத் தெனமும் போடறேன், புள்ள கேட்டுட்டே தூங்கறாள்னு இவரு போன்ல சொல்லுவாரு. அந்த நெனப்புலதான் நானும் அங்க தூங்குவேன்.”

ஜாபேஸ் திடுக்கிட்டுத் தனசிங்கைப் பார்த்தான். தனசிங் ‘வேண்டாம்’ என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

ஷைனா பாப்பாவின் பக்கம் குனிந்து தாலாட்டைப் பாடினாள். பாப்பா மிரண்டு வீறிட்டு, அப்பன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இன்னும் மெதுவாகப் பாடிப் பார்த்தாள். அழுகை கூடியதுதான் மிச்சம்.

“பஞ்சுத் தூசியில என் கொரலே கெட்டுப்போச்சுங்களாண்ணா? தெனமும் கேட்டவளுக்கே அடையாளம் தெரியலயே!”

ஜாபேஸ் தனசிங்கைப் பார்க்காமலே சொன்னான்: “உன் கொரலுக்கு ஒண்ணுமில்ல அம்மிணி. பாப்பா அதைக் கேக்கவே இல்ல. நான் போட்ட பூட்டு. அந்தப் பாட்டு ஒருநாளும் ஓடல.”

ஷைனா புருஷன் பக்கம் திரும்பினாள்.

“அப்போ, தெனமும் தூங்கறாள்னு சொன்னீங்களே?”