ஒரு கல், இரண்டு நெற்றி

எங்கள் வீட்டில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தபோது நெற்றிக் கல் ஒன்றுதான் இருந்தது. வம்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

கல் என் மனைவி பிசோவின் பிறந்த வீட்டுக் கல். எங்கள் கயா நாட்டில் ஆறு கடலைத் தொடும் இடத்தில், குன்றின் மேல் இருக்கிற பெரிய வீடு அது. அங்கே பிறக்கும் பெண் குழந்தையைப் பலகையில் கிடத்தி, நெற்றியில் துணியை மடித்து வைத்து, அதன் மேல் கல்லை வைத்துக் கட்டுவார்கள். ஓராண்டில் நெற்றி கூரை மாதிரி பின்னால் சாய்ந்துவிடும். பிசோவின் நெற்றியில் மழைத்துளி விழுந்தால் நேரே கொண்டைக்குப் போகும். அந்த நெற்றியைப் பார்த்துத்தான் எனக்கு ஆசையே வந்தது. ஆற்றங்கரையில் இரும்பு உருக்குகிற உருண்டைத் தலையன் நான். என்னிடம் என்னத்தைக் கண்டு குன்றை விட்டு இறங்கி வந்தாள் என்று இதுவரை கேட்டதில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

குழந்தைகள் பிறந்த ஐந்தாம் நாள் அவளுடைய அக்கா குரா கல்லை மடியில் வைத்துக்கொண்டு பல்லக்கில் வந்து இறங்கினாள். குழந்தைகளைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள்.

"ஏண்டி, ரெண்டா பெத்து வெச்சிருக்கே? கல்லு ஒண்ணுதானே இருக்கு."

"நான் என்னக்கா பண்ணட்டும்? சொல்லிட்டா வருதுங்க?"

நான் நல்ல எண்ணத்தில் வாயைத் திறந்தேன். "மதினி, ஆத்துல ஆயிரம் கல்லு கெடக்கு. வழவழன்னு ஒண்ணு பாத்து எடுத்துட்டு வரட்டுமா?"

அக்காவும் தங்கையும் சேர்ந்தாற்போல என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆற்றில் போய் இன்னொரு அம்மாவைப் பொறுக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னவனைப் பார்க்கிற பார்வை அது.

"இவ ஓடிப்போனதுக்கு எங்களுக்கு ஒரு பொண்ணைத் திருப்பிக் கொடுக்கணும்," என்றாள் குரா. "பதினஞ்சு வயசுல வந்து கூட்டிட்டுப் போவேன். யாருக்கு நெத்தி நல்லா படிஞ்சிருக்கோ அவ. எவள்னு கல்லே சொல்லட்டும்."

குன்றின் மேல் போகிற பெண் திரும்பி வரமாட்டாள். திருவிழா அன்று அந்தப் பெண்கள் உச்சியில் மரப் பறவை வைத்த கம்பத்தின் கீழே வரிசையாக நிற்பார்கள். கீழே இருந்து பார்த்தால் எல்லா நெற்றியும் ஒரே நெற்றி. செத்தால், உயிர் பறந்துபோக நெஞ்சில் ஒரு பெரிய இறகை வைத்து மேலேயே புதைத்துவிடுவார்கள். கீழே வாழ இறங்கி வந்தவள் பிசோ ஒருத்திதான். அந்தக் குற்ற உணர்ச்சியில் அவள் சரி என்று தலையாட்டினாள்.

ஆனால் ஓரவஞ்சனை கூடாது என்று கண்டிப்பாக இருந்தாள். கல் ஒரு நாள் மூத்தவள் தோராவுக்கு, ஒரு நாள் இளையவள் நெமிக்கு. அடையாளத்துக்கு நெமியின் காலில் சிவப்பு நூல் கட்டினாள். பிசோ விடிந்ததும் சிப்பி பொறுக்கச் சேற்றுக்குப் போய்விடுவாள். இரவு உலை வேலை முடிந்து நான் காலையில் வீட்டுக்கு வருவேன். கல்லை மாற்றிக் கட்டுவது என் வேலை.

தோராவின் நெற்றியில் கல்லை வைத்தால் அடுப்புச் சாமி எழுந்து ஓடுகிற மாதிரி அலறுவாள். பக்கத்து வீட்டுக்காரி, "என்னய்யா, இரும்புக்குப் பதிலா புள்ளையை உருக்குறியா?" என்று வேலியைத் தாண்டிக் கேட்பாள். நெமி அழமாட்டாள். கல்லுக்குக் கீழே இருந்து கண்ணை விரித்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான்.

குழந்தை அழுதால் எனக்குத் தாங்காது. முதலில் ஒரு நாள், தோரா தூங்குகிற வரைக்கும் என்று கல்லை நெமிக்கு மாற்றினேன். பிறகு சாயங்காலம் வரைக்கும் மாற்றினேன். பிசோவின் கூடை வாசலில் தெரிந்ததும் ஓடிப்போய்த் தோராவுக்குக் கட்டிவிடுவேன். ஓராண்டு முழுக்க இதே பிழைப்பு.

ஆண்டு முடிந்தபோது நெமியின் நெற்றி குன்றுக்காரிகளே பொறாமைப்படுகிற மாதிரி சாய்ந்திருந்தது. தோராவின் தலை சுரைக்காய் மாதிரி இருந்தது.

"ஒரே வயிறு, ஒரே கல்லு. இது எப்படி?" என்றாள் பிசோ.

"அடுப்புச் சாமிக்குத்தான் வெளிச்சம்," என்றேன். வாசலுக்கு மேற்கே உட்கார்ந்திருந்த சாமி ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்து வருடம் அந்தப் பொய்யோடு சோறு தின்றேன். தோரா வாயாடியாக வளர்ந்தாள். நெமி கொடுத்ததைச் சாப்பிட்டாள், சொன்னதைச் செய்தாள். நண்டு கடித்தால்கூட அதை மெதுவாகப் பிரித்துக் கூடையில் போடுவாள். எல்லோரும் தங்கமான பெண் என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து உலைப் பக்கம் போய்விடுவேன்.

போன அறுவடைக்குக் குரா சொன்னபடி வந்தாள். பல்லக்கை வாசலில் இறக்கினார்கள். அவள் இரண்டு தலைகளையும் ஒரு தடவைதான் பார்த்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கல்லு சொல்லிடுச்சு. கெளம்புடி நெமி."

நெமி உள்ளே போய்த் துணியை மடிக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே போனேன். எப்படியோ சொல்லி முடித்தேன். தோரா அழுதாள், நீ அழவில்லை, அதனால் கல் முழுக்க உன் மேலேயே இருந்தது என்றேன்.

நெமி மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"அப்ப, அழுதிருந்தாப் போதுமாப்பா?"

அவள் என்னைப் பார்த்தாள். கல்லுக்குக் கீழே இருந்து பார்த்த அதே பார்வை. பிறகு வாயைத் திறந்து அலறினாள். பல்லக்குத் தூக்கிகள் பல்லக்கை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். தோரா காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன மாப்ள இது? தங்கமான பொண்ணுன்னாங்களே!" என்று குரா கத்தினாள்.

"பொண்ணு வராது மதினி. நீங்க கெளம்புங்க."

"கல்லு சொன்னது?"

"கல்லு ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்ல வெச்சேன்." எல்லாவற்றையும் வாசலில் நின்று சொன்னேன். தெருவே கேட்டது.

குரா தங்கையைப் பார்த்தாள். பிசோ என் பக்கம் திரும்பவே இல்லை. இன்றுவரை அதற்காக என்னைத் திட்டியும் தீரவில்லை, அது வேறு கதை. அவள் பரணிலிருந்து கல்லை எடுத்து வந்து அக்காவின் மடியில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போயிடுக்கா. இது ரொம்பக் கனம்."

குரா கல்லோடு பல்லக்கில் ஏறினாள். அன்றிலிருந்து குன்றுக்காரர்கள் என் இரும்பைத் தொடுவதில்லை. கடல் தாண்டி வருகிற வா என்கிற தீவுக்காரர்களுக்குத்தான் விற்கிறேன். அவர்கள் நெற்றியைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

பல்லக்கு வளைவில் திரும்பி மறைந்த பிறகும் நெமி நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"போதும்மா. அவங்க போயிட்டாங்க."

"தெரியும்ப்பா," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "இது அப்ப அழாததுக்கு."